கல்லறை மசோதா

மாநிலங்களவையின் அன்றைய அலுவல்களில் அந்த மசோதா ஏழாவதாக இருந்தது. சுகன்யா மேரி ஆசிரியர் அறையின் ஜன்னலோரம் நின்றபடி போனில் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம்தான் சிக்னல் நிற்கும். அவைத்தலைவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனேயே பத்துப் பேர் எழுந்தார்கள். இன்னும் பத்துப் பேர் அட்டையைத் தூக்கிக்கொண்டு நடுவே வந்துவிட்டார்கள். அவர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் எழுந்து போய்விட்டார். மதியம் வரை ஒத்திவைப்பு என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது.

"என்ன டீச்சர், இன்னைக்கும் ஊத்திக்கிச்சா?" என்றாள் கணக்கு டீச்சர் தனம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

"மதியத்துக்கு மேல கூடுவாங்களாம்."

"கூடி மறுபடியும் கலைவாங்க. நம்ம எட்டாங் கிளாஸ் பி செக்‌ஷனே தேவல போங்க. ஒரு அதட்டு போட்டா உக்காந்துருதுங்க."

சுகன்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரம்பலூரில் அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்பதை வருஷம் தவறாமல் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திவருகிறவள் அவள். மக்களவை, அங்கிருந்து ஒரு அம்பு, மாநிலங்களவை, அங்கிருந்து ஒரு அம்பு, குடியரசுத் தலைவர். அந்தப் படத்தில் யாரும் கத்த மாட்டார்கள், அட்டையைத் தூக்க மாட்டார்கள், எந்த அம்பும் பாதியில் நிற்காது. இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் பொய் சொல்லிவிட்டோமே என்று அந்த டிசம்பரில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மசோதாவுக்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர் ஒன்று உண்டு. அரியலூருக்குக் கிழக்கே இருக்கிற சூசையபுரத்தில் அதைக் கல்லறை மசோதா என்றார்கள். வடக்கே எங்கேயோ சுரங்கக்காரர்கள் ஒரு இடுகாட்டைத் தோண்டி, அது அடிதடி வெட்டுகுத்து வரைக்கும் போய், அரசாங்கம் வேறு வழியில்லாமல் கொண்டுவந்து மக்களவையில் நிறைவேற்றியிருந்த மசோதா அது. சாரம் இதுதான்: சட்டம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து பின்னோக்கிப் பத்து வருஷத்துக்குள் ஒரே ஒருவராவது அடக்கம் செய்யப்பட்ட நிலம் என்றால், அங்கே சுரங்கம் தோண்டக்கூடாது.

சூசையபுரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தை மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தின்றுவிட்டிருந்தது. நடுவில் தோட்டம் மட்டும் தீவாக நின்றது. அதற்கு அடியிலும் நல்ல கல் இருக்கிறது என்று சுரங்கக் கம்பெனிக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் முன்னால் கம்பெனி ரோட்டோரமாகப் புதுக் கல்லறை கட்டிக் கொடுத்தது. டைல்ஸ் பதித்த வளைவு, தண்ணீர்க் குழாய், எல்லாம் உண்டு. ஊரும் வாயைப் பிளந்துகொண்டு தன் பிணங்களையெல்லாம் அங்கேயே கொண்டுபோக ஆரம்பித்தது. பழைய இடத்தில் அதற்குப் பிறகு ஒரே ஒரு அடக்கம்தான் நடந்தது. அது சுகன்யாவின் குழந்தை. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் புதைத்தார்கள். வருகிற ஜனவரியில் அந்த நாள் வந்தால் பத்து வருஷம் முடிகிறது.

ஆக, ஊரின் பாட்டன் பூட்டன் அத்தனை பேரின் எலும்பும், ஒரே ஒரு பகல் மட்டும் உயிரோடு இருந்த ஒரு பெண் குழந்தையை நம்பிக் கிடந்தன.

*

பள்ளிக்கூடம் விட்டதும் சுகன்யா பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த நந்தினியின் ஆபீசுக்குப் போனாள். நந்தினி வக்கீல். எட்டாம் வகுப்பில் சுகன்யாவிடம் படித்தவள். சூசையபுரத்தின் வழக்கை அவள்தான் நடத்துகிறாள். நாடாளுமன்றத்தின் இந்தக் கூட்டத்தொடர் முடிகிற வரைக்கும் கல்லறையில் கை வைக்கக்கூடாது என்று கோர்ட்டில் ஒரு தடையும் வாங்கி வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமையோட கூட்டத்தொடர் முடியுது டீச்சர்" என்றாள் நந்தினி. "அதுக்குள்ள நிறைவேறலன்னா, இனிமே பட்ஜெட்டுக்குத்தான் கூடுவாங்க. ஜனவரிக் கடைசி."

"மசோதா காலாவதி ஆயிடுமா?"

"ஆவாது. அது பத்திரமா இருக்கும். உங்க பாப்பாவோட பத்து வருஷந்தான் தாண்டிப் போயிடும்."

சுகன்யாவுக்கு இது தெரிந்த கணக்குத்தான். இன்னொருத்தர் வாயால் கேட்ட பிறகும் மறுபடி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"இன்னொரு சங்கதி" என்று நந்தினி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். "ஒரு உறுப்பினர் திருத்தம் குடுத்திருக்காரு. இடுகாடு மட்டும் போதாது, சுடுகாட்டையும் சேக்கணும்ங்கறாரு."

"நல்லதுதானே நந்தினி? நியாயமாத்தானே கேக்கறாரு?"

"நியாயந்தான். ஆனா மாநிலங்களவையில ஒரு வார்த்த மாறினாலும் என்ன ஆவும்? நீங்கதானே டீச்சர் நடத்துனீங்க."

"திரும்ப மக்களவைக்குப் போவணும்."

"மக்களவைய வெள்ளிக்கிழம காலையிலேயே முடிக்கப்போறாங்களாம். அந்தத் திருத்தம் ஜெயிச்சா நம்ம கத கந்தல். நல்லது செய்ய வந்த மனுசன் தோக்கணும்னு வேண்டிக்குங்க." நந்தினி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்க அப்பாவ எரிச்ச இடமும் சுரங்க லீசுலதான் டீச்சர் இருக்கு. நானும் அதையேதான் வேண்டிக்கணும்."

சுகன்யா எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். நந்தினி அதிகம் இளகிப்போகிற ரகமில்லை. கையை உருவிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"சட்டம் வந்த உடனே ஆர்.டி.ஓ. இடத்தப் பாக்க வருவாங்க. பாப்பாவோட கல்லற எந்த வரிசையில இருக்கு?"

"வரிசையில இல்ல. சுவருக்கு வெளிய."

நந்தினியின் பேனா நின்றுவிட்டது.

"ஞானஸ்நானம் வாங்கல. அந்த மாதிரிப் பிள்ளைங்கள உள்ள வெக்க மாட்டாங்க எங்க ஊருல. சுவருக்குப் பின்னாடி, கருவ மரத்துப் பக்கம் வெச்சாங்க."

"டீச்சர், கம்பெனிக்காரன் சுவரத்தான் எல்லைன்னு சொல்லுவான். சுவருக்கு உள்ள பத்து வருஷமா யாரையுமே புதைக்கல."

"தெரியும்" என்றாள் சுகன்யா. இந்த நாள் வரை அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தவள் அவள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெனடிக்ட் வீட்டுக்கு வந்தார். சுகன்யாவின் கணவன் ஜோசப்புக்குப் பெரியப்பா, ஊருக்கு உபதேசியார். பங்குச் சாமியார் இல்லாத நாளில் ஊரின் ஜெபமும் சாவும் அவர் கையில்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கேட்க வந்தது சின்ன விஷயமில்லை என்று சுகன்யாவுக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் அவள் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

பத்து வருஷமாக அவள் அவரிடம் "வாங்க மாமா", "காபி எடுத்துக்கங்க" இரண்டுக்கும் மேல் பேசியதில்லை. குழந்தை அரியலூர் ஆஸ்பத்திரியில் காலையில் பிறந்து பொழுது சாயும்போது அடங்கிவிட்டது. சுகன்யா ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தாள். ஷாலினி என்று பெயர் வைக்கப்போவதாக முன்பே சொல்லி வைத்திருந்தாள். அந்த ஊரில் பெண் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போதுதான் பெயரோடு மேரி சேரும். ஷாலினிக்கு அது சேரவில்லை. மறுநாள் ஜோசப் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது சாமியார் வெளியூர் போயிருந்தார். பெனடிக்ட் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ஞானஸ்நானம் இல்லை, புதுக் கல்லறையில் இடமில்லை, பழைய சுவருக்கு வெளியே. ஜோசப் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்த சாமியார், சபையில் இப்போது அப்படியொரு சட்டமே இல்லையே, யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டார். அதற்குள் மண் மூடியாகிவிட்டது.

சட்டமில்லாத சட்டம்தான் ஊரில் கெட்டியாக நிற்கும். கல்லறைத் திருநாள் அன்று ஊரே உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும். சுகன்யா மட்டும் வெளியே வந்து, கருவ மரத்தடியில் ஒற்றை மெழுகுவர்த்தி வைப்பாள். அந்த மரத்தடியில் அவள் பிள்ளை மட்டும் கிடக்கவில்லை. எத்தனையோ கற்கள் உண்டு. ஆனால் அவற்றின் தாய்மார் ஒருத்தியும் இது என்னுடையது என்று வந்து நின்றதில்லை. உள்ளே நின்று ஜெபம் சொல்லிக்கொண்டே சுவருக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

"ஆபீசர் வருவாங்களாம்லம்மா" என்று ஆரம்பித்தார் பெனடிக்ட். "வந்தா, கடைசியா பொதைச்ச எடம் எதுன்னுதான் மொதல்ல கேப்பாங்களாம். எங்க வூட்டுக்காரி கல்லற பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்கு. அதக் காட்டிடலாம். அங்கதான் வெச்சோம்னு நான் சொல்லிக்கிறேன். நீ ஆமான்னு ஒரு தல ஆட்டுனா போதும்."

புதுக் கல்லறை வருவதற்கு முன்பே செத்துப்போன பெனடிக்டின் மனைவியின் கல்லறை, பழைய சுவருக்கு உள்ளே ஒரு வரிசையிலும் சேராமல், பின்சுவரை ஒட்டினாற்போல் தனியாக இருந்தது. நடுவில் நல்ல இடம் இருக்க உபதேசியார் மனைவியை ஏன் மூலையில் வைத்தார்கள் என்று ஊரில் அப்போது பேசிக்கொண்டார்கள்.

"அப்ப எம்புள்ள?" என்றாள் சுகன்யா.

அவர் மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். சுவரை எல்லை என்று ஒப்புக்கொண்டால் சுவருக்கு வெளியே கம்பெனி தோண்டும். அது சுகன்யாவுக்கும், அவருக்கும், கதவோரம் நின்ற ஜோசப்புக்கும் தெரியும். தூரத்தில் சங்கு ஊதியது. வெடி வைக்கப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தரை ஒருமுறை குலுங்கி, அலமாரியில் தட்டுகள் சிணுங்கின.

"ஊருல அத்தன பேரோட அப்பா அம்மாவும் உள்ள கெடக்காங்கம்மா" என்றார் பெனடிக்ட், கெஞ்சுகிற குரலில். "அத நெனச்சுப் பாரு."

"வெளிய கெடக்கறதுங்களுக்கும் அம்மா இருக்கு மாமா."

ஜோசப் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன்னாலும் அவன் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்தபோது, அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போல அவளுக்கு இருந்தது. பெனடிக்ட் காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

அவர் போன பிறகும் கேள்வி போகவில்லை. பொய்க்குத் தலையாட்டினால் கல்லறை நிற்கும், ஷாலினி போவாள். உண்மையைச் சொன்னால், சட்டம் சுவரோடு நின்றுவிட்டால், எல்லாமே போகும். ஊர் அவளை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. ஆனால் அந்தச் சட்டமே இன்னும் வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். தன் ஹால் மேற்பார்வையைத் தனத்தின் தலையில் கட்டிவிட்டு சுகன்யா ஜன்னலோரம் வந்து நின்றாள். மக்களவை காலையிலேயே வந்தே மாதரம் பாடிக் கலைந்துவிட்டது. மாநிலங்களவையில் மசோதா மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தது. ஏழு மூன்றாகியிருக்கிறது என்று சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

முதல் மசோதாவை எடுத்தார்கள். கூச்சல். இரண்டாவது. கூச்சல். அவைத்தலைவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். இப்போது எழுந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த மனிதர் நாற்காலியின் கைப்பிடியில் கை வைக்கும்போதெல்லாம் இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உட்காருங்க சார், கொஞ்ச நேரம் உட்காருங்க என்று போனிடம் முணுமுணுத்தாள். ஊரிலுள்ள அத்தனை புனிதர்களையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதரை வேண்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவதை எடுத்தார்கள். அமைச்சர் எழுந்து இந்தியில் ஏதோ படித்தார். பாதி நாற்காலி காலி. மீதிப் பாதி நடுவில் நின்று கத்தியது. பிறகு அந்த உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை முடி, கறுப்புக் கண்ணாடி. தன் திருத்தத்தை முன்மொழிவதாகச் சொன்னார். செத்தவர்களில் எரித்தவர் புதைத்தவர் என்று பேதம் எதற்கு என்று கேட்டார். அந்தக் கூச்சலிலும் அவர் குரல் நடுங்காமல் வந்தது. எவ்வளவு நல்ல மனிதர் என்று சுகன்யா நினைத்தாள். தோற்றுப் போங்கள் ஐயா, தயவுசெய்து தோற்றுப் போங்கள்.

குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் ஆம் என்றார்கள். எதிர்ப்பவர்கள் இல்லை என்றார்கள். அவள் காதுக்கு இரண்டும் ஒரே அளவுதான் கேட்டது. அவைத்தலைவர் வாயசைத்தார். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுகன்யா போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள். வட்டம் சுற்றியது. கீழே மைதானத்தில் வாட்ச்மேன் மணி அடித்தார். பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஹோவென்று வெளியே வந்தன. கேட்பது டெல்லி இரைச்சலா, பள்ளிக்கூட இரைச்சலா என்று அவளுக்குப் புரியவில்லை. படம் திரும்பி வந்தபோது அமைச்சர் கைகூப்பிக்கொண்டிருந்தார். கீழே எழுத்து ஓடியது. திருத்தம் நிராகரிப்பு. மசோதா நிறைவேறியது.

இட்லி வேகிற நேரம்கூட ஆகவில்லை. வருஷக்கணக்காக உயிரை வாங்கியது அவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே நந்தினி போன் செய்தாள்.

"அவரு தோத்துட்டாரு டீச்சர்."

"தோத்துட்டாரு நந்தினி."

நந்தினிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இன்னும் ஒரு அம்பு பாக்கி" என்றாள்.

ஊர் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. சுகன்யா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கம்பெனி வெடி இல்லை, கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைத்த சரம். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டு அரசிதழில் வந்தால்தான் சட்டம் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடிலில் பாலன் பிறந்தார், புது வருஷம் பிறந்தது, அரசிதழ் மட்டும் பிறக்கவில்லை. கேக் வெட்டும்போதும் அவள் கை போனில்தான் இருந்தது. கூட்டத்தொடரோடு கோர்ட் தடையும் முடிந்துபோயிருந்தது. கல்லறைக்குக் கீழ்ப்பக்கம் கம்பெனி மஞ்சள் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. தோண்டவில்லை. சும்மா நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் அரசிதழ் வந்தது. சட்டம் அன்றே நடைமுறைக்கு வந்தது.

*

ஆர்.டி.ஓ. ஒரு பெண். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கினாள். கம்பெனி சார்பில் மேனேஜர் ராஜராஜன், அளவு டேப்போடு இரண்டு ஆட்கள். பெரம்பலூரிலிருந்து நந்தினி. ஊர் முழுக்க உள்ளே வந்து கல்லறைகளுக்கு நடுவே நின்றது.

"சட்டம் என்ன சொல்லுதுன்னா, அடக்கம் பண்ணின நிலம். கடைசியா அடக்கம் பண்ணினது எங்க?" என்றாள் ஆர்.டி.ஓ.

பெனடிக்ட் முன்னால் போனார். பின்சுவரை ஒட்டி, தன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே புதிதாக ஒரு சின்ன மரச் சிலுவை நட்டிருந்தது. மண்ணைக் கொத்திவிட்டு ஈரம் காயாமல் வைத்திருந்தார்கள். சுகன்யாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் தலையாட்டும் முன்பே அவளுடைய பிள்ளையை இவர்கள் குடி மாற்றிவிட்டார்கள்.

"இதுதானா? குழந்தையோட அம்மா யாரு?"

ஊரே திரும்பிச் சுகன்யாவைப் பார்த்தது. ஜோசப் அவள் முழங்கையைத் தொட்டான். நிறுத்தவா, தாங்கவா என்று தெரியவில்லை.

"அம்மா நான்தான் மேடம். ஆனா எடம் இது இல்ல."

யாரோ "அடிப்பாவி" என்றது அவள் காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. வாசல் வழியாக வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்னாலேயே ஆர்.டி.ஓ., அதற்குப் பின்னால் எல்லோரும். கருவ மரத்தடியில், மெழுகு உருகிக் கறுத்திருந்த ஒரு கல்லின் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்சம் தள்ளி மஞ்சள் இயந்திரம் நின்றது.

"இங்க."

ராஜராஜன் அலட்டிக்கொள்ளாமல் பேசினான். "மேடம், சுவருக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, வெறும் தரிசுன்னு ஊர்ப் பெரியவங்களே எங்ககிட்ட சொல்லியிருக்காங்க. இதோ, இவருதான் சொன்னாரு. இந்தம்மா ஒரு கல்லக் காட்டிச் சொல்றத வெச்சு எப்படி மேடம்?"

"பெரியவரே, நீங்க சொன்னீங்களா?"

பெனடிக்ட் துண்டால் முகத்தைத் துடைத்தார். சொன்னவர்தான். புதுக் கல்லறை வந்த சந்தோஷத்தில், கணக்கில் வராத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னவர். இப்போதும் இங்கே யாரும் இல்லை என்றால் கம்பெனி ஜெயித்தது. ஆமாம், இருக்கிறார்கள் என்றால், சுவர் வைத்துப் பிரித்து ஆயுசு முழுக்க அவர் சொன்னதெல்லாம் என்ன ஆவது? ஆர்.டி.ஓ. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுகன்யா சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் பெனடிக்டின் மனைவி கிடக்கிறாள். இந்தப் பக்கம், சரியாக அதே இடத்தில், சுவரோடு சேர்ந்தாற்போல் ஒரு பழைய கல் பாதி புதைந்து கிடந்தது. பத்து வருஷமாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் அவள் முட்டி போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் உறைத்தது.

"மாமா" என்றாள். குரல் அவளை மீறி மெதுவாக வந்தது. "பெரியத்தைய ஏன் மாமா செவுத்தோரமா வெச்சீங்க?"

கிழவரின் முகம் கோணிக்கொண்டது. அத்தனை பேருக்கு முன்னால், ஊரின் உபதேசியார், வேட்டி மண்ணில் புரள அந்தப் பழைய கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவதான் கேட்டா" என்றார். "சாவும்போது அத மட்டுந்தான் கேட்டா. எங்களுக்குக் கல்யாணமான மறுவருசம் ஒண்ணு பொறந்து, மூச்சு விடாமயே போச்சு. எங்க அப்பாதான் அப்ப உபதேசியாரு. இங்க வெச்சாரு. எம்புள்ள பக்கத்துல, செவுத்துக்கு அந்தாண்டயாவது என்னய வையின்னா." அவர் ஆர்.டி.ஓ.வை நிமிர்ந்து பார்த்தார். "தரிசுன்னு நான் சொன்னது பொய்யி. உள்ள நட்ட சிலுவயும் பொய்யி. இதுவும் எங்க கல்லறதான். இங்க கெடக்கறதெல்லாம் எங்க புள்ளைங்கதான்."

பிறகு கூட்டத்திலிருந்து சாந்தி மேரி நகர்ந்து வந்தாள். இரண்டு பேரன் எடுத்தவள். வேலியோரம் இருந்த ஒரு கல்லிடம் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரு கிழவர். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அறிவிக்கவில்லை. தங்கள் கல் எது என்று ஒவ்வொருவருக்கும் தேடாமலே தெரிந்திருந்தது.

ஆர்.டி.ஓ. கையிலிருந்த சட்ட நகலைப் புரட்டினாள். "சட்டத்துல சுவருன்னு ஒரு பேச்சும் இல்ல. அடக்கம் பண்ணின நிலம்னுதான் இருக்கு. டேப்ப வெளிய கொண்டாங்க. கடைசிக் கல்லு வரைக்கும் அளங்க."

"மேடம்..." என்றான் ராஜராஜன்.

"அந்த மெஷின மொதல்ல எடுக்கச் சொல்லுங்க."

அளவுக்காரர்கள் டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நந்தினி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய அப்பாவை எரித்த இடத்துக்கு இந்த டேப் வராது. ஜோசப் கருவ மரத்தடிக்கு வந்து, பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கல்லின் முன்னால் முட்டி போட்டான்.

ஆர்.டி.ஓ. பேனாவைத் திறந்தாள். "குழந்தை பேரு?"

"ஷாலினி" என்றாள் சுகன்யா.

ஆர்.டி.ஓ. எழுத ஆரம்பித்தாள். கீழே உட்கார்ந்திருந்த பெனடிக்ட், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஷாலினி மேரிங்க" என்றார். "மேரியையும் சேத்து எழுதுங்க."